ஐம்பது விநாடி ஸ்டாப்

அத்தியாயம் 4

பஸ் முதலாளி குருநாதன் மாடிப்படி ஏறி வந்தபோது முதலில் அவர் வயிறு வந்தது, அடுத்துக் கோபம் வந்தது, கடைசியாகத்தான் அவர் வந்து சேர்ந்தார். நாற்காலி ஒரு தடவை முனகிவிட்டு அவரை ஏற்றுக்கொண்டது.

"இதுல துப்பறியும் மாயக்கண்ணன் யாரு?"

"இந்தா உக்காந்திருக்காரே, இவருதான். துப்பு மட்டும் நான் பார்த்துக்கிருவேன்," என்றாள் ஷரபுன்னிசா.

மாயக்கண்ணன் கரண்ட் மீட்டர் கணக்கெடுக்கும் வேலையில் இருபத்தேழு வருஷம் இருந்தவர். மீட்டர் சுற்றுகிற வேகத்தைப் பார்த்தே அந்த வீட்டு மாமியார் ஊரில் இருக்கிறாரா, மகள் வீட்டுக்குப் போயிருக்கிறாரா என்று சொல்லிவிடுவார். கோட்டையூரில் ஒரு கல்யாணம் நின்றுபோனதும், அதே பந்தலில் வேறொரு கல்யாணம் நடந்ததும் தாம் மீட்டர் பார்த்துச் சொன்னதால்தான் என்பார். அவரைத் தவிர வேறு யாரும் அப்படிச் சொன்னதில்லை. ஓய்வு பெற்றதும் காரைக்குடி செக்காலை ரோட்டில் சைக்கிள் கடைக்கு மேலே அறை பிடித்துத் துப்பறிய உட்கார்ந்துவிட்டார். ஷரபுன்னிசா பத்து வருஷம் கம்ப்யூட்டர் சென்டரில் டைப்பிங் சொல்லிக் கொடுத்தவள். சென்டரை மூடினார்கள், அவள் வாயை யாராலும் மூட முடியவில்லை. அதனால் இங்கே வேலை கிடைத்தது.

குருநாதன் தம் போனை மேசைமேல் வைத்தார். திரையில் ஒரு பஸ் நின்றது. பச்சையும் மஞ்சளும் பூசிய பஸ். நெற்றியில் 'ஸ்ரீ வயிரவன்'.

"இது என் வண்டி. காரைக்குடி – பள்ளத்தூர். என்னைக் கேக்காம எவனோ கேமுக்குள்ள விட்டிருக்கான். பின்னாடி பம்பர்ல ஒரு நசுங்கல் இருக்கு பாருங்க, அதைக்கூட விடலய்யா!"

ஷரபுன்னிசா எட்டிப் பார்த்தாள். அவளுக்குச் சிரிப்பு வந்தது. "இதை எனக்கு நல்லாத் தெரியும் அண்ணாச்சி. எங்க வீட்டுக்காரர் ஹுமாயூன் ஷார்ஜாவுல இருக்காரு. வேலை முடிஞ்சு வந்ததும் கட்டில்ல உக்காந்து தினமும் பள்ளத்தூருக்கு ஒரு ட்ரிப் அடிச்சாத்தான் அவருக்குச் சோறு எறங்கும்."

மாயக்கண்ணன் கண்ணை மூடித் தலையாட்டினார். விஷயம் புரியாதபோது அப்படிச் செய்வது அவர் வழக்கம். ஷரபுன்னிசா அவருக்காகச் சொன்னாள்: "பஸ் ஓட்டுற கேம் அண்ணே. வெளிநாட்டுக்காரன் செஞ்சது. அவன் ரோட்டுல ஓட்டி ஓட்டி அலுத்துப்போன நம்ம ஆளுக, நம்ம ஊரு ரோட்டைத் தாங்களே செஞ்சு அதுக்குள்ள சொருகிருவாக. அதுக்கு மோட்னு பேரு. இந்த மோட் செஞ்ச ஆளு பேரு 'பள்ளத்தூர் புலி'. யாரு, எவருன்னு ஒருத்தருக்கும் தெரியாது. பதினோராயிரம் பேரு எறக்கி வச்சு ஓட்டுறாக."

"ஓட்டட்டும். ஆனா இதுக்கு என்ன சொல்றீக?" குருநாதன் திரையைத் தட்டினார். பஸ் மூடிக் கிடக்கும் ஒரு அரிசி ஆலைக்கு முன்னால், புளியமரத்தடியில் நின்றது. மரத்தில் 'ரைஸ்மில் ஸ்டாப்' என்று ஒரு போர்டு. "எனக்கு மொத்தம் பதினாலு ஸ்டாப்பு. இப்படி ஒரு ஸ்டாப்பே கெடையாது! மத்த எடத்துல எல்லாம் பத்து செகண்டு நிக்கிற வண்டி இங்க அம்பது செகண்டு நிக்குது. அம்பது செகண்டுல என்னென்ன சாமானை ஏத்தலாம், எறக்கலாம்? டிரைவர் முத்துவீரன் எங்கிட்டப் பத்தொம்போது வருசம். நேத்துக் கூப்பிட்டுக் கேட்டேன். 'சொல்றதுக்கு ஒண்ணுமில்ல மொதலாளி'ங்கிறான். ஒண்ணுமில்லாமயா நிப்பான்?"

"எங்களால என்ன ஆகணும்?"

"அந்தப் புலியைப் பிடிச்சுக் குடுங்க. கண்ணால பார்த்தவன் அவன்தானே, முகத்துக்கு நேரா சாட்சி சொல்லட்டும். இன்னிக்கு அஞ்சு நாப்பது வண்டியில நானும் வர்றேன், மாறுவேசத்துல. பள்ளத்தூர் போய்ச் சேர்ந்ததும் முத்துவீரன்கிட்ட சாவியை வாங்கிருவேன். அதோட அவன் கணக்கு முடிஞ்சுது."

வந்த வரிசையிலேயே அவர் திரும்பிப் போனார்.

ஷரபுன்னிசா கம்ப்யூட்டரில் மோடை இறக்கினாள். மாயக்கண்ணன் தாமே ஓட்டுவதாக அடம்பிடித்தார். பஸ் ஸ்டாண்டை விட்டு வெளியே வந்த நாலாவது நிமிஷம் வண்டியை ஊருணிக்குள் இறக்கினார். ஊருணிக்குள் விழுந்த பஸ் கொஞ்ச தூரம் மிதந்தும் போனது. "தண்ணியிலயும் போகுமான்னு சோதிச்சேன்," என்றார்.

"போதும் அண்ணே, நகருங்க." அவள் பள்ளத்தூரிலிருந்து காரைக்குடிக்கு ஓட்டினாள். அவர் கரண்ட் மீட்டரைப் பார்க்கிற மாதிரி திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஷரபு, கடையெல்லாம் நெசப் போட்டோ மாதிரி இருக்கே?"

"போட்டோவேதான். போன்ல எடுத்துச் சுவத்துல போஸ்டர் மாதிரி ஒட்டிருவாக."

"அப்பக் கொஞ்சம் மெதுவாப் போ. இடது பக்கம் பாரு. ஷட்டர் பாதி மூடிக் கெடக்கு. வாசல்ல தண்ணி தெளிச்ச ஈரம் காயலை. பேப்பர்க் கட்டைப் பிரிக்கவே இல்லை. இப்ப வலது பக்கம் பாரு. பஜ்ஜிச் சட்டியில எண்ணெய் கொதிக்குது, டியூப்லைட் எரியுது, யூனிபாரம் போட்ட புள்ளைக வீட்டுக்குப் போகுது. ஒரே ரோடு. ஒரு பக்கம் இப்பத்தான் விடிஞ்சிருக்கு, மறுபக்கம் பொழுதே சாஞ்சிருச்சு." அவர் எழுந்து நின்றார். பெரிய விஷயங்களை அவர் நின்றுகொண்டுதான் சொல்வார். "புலி ஒண்ணு இல்ல, ரெண்டு! ஒருத்தன் காலையில படம் எடுக்கிறவன், இன்னொருத்தன் சாயங்காலம் எடுக்கிறவன். கூட்டுச் சதி!"

"உக்காருங்க அண்ணே. புலி ஒண்ணுதான். காலையில காரைக்குடிக்குப் போகுது, இடது பக்க ஜன்னல்ல உக்காந்து படம் எடுக்குது. சாயங்காலம் திரும்புது. ரோடு திரும்பிருச்சு, ஆனா புலி அப்பவும் இடது பக்க ஜன்னல்லதான் உக்காந்திருக்கு. அதான் எதிர்ப்பக்கக் கடையெல்லாம் சாயங்காலமாப் போச்சு. நம்ம பஸ்ஸுல ரெண்டு நடையும் தவறாம இடது பக்கம் யாரு உக்காருவா?"

மாயக்கண்ணன் யோசித்தார். பிறகு மெதுவாக உட்கார்ந்தார்.

"பொம்பளைக சீட்டு!"

"புலி பொம்பளை அண்ணே. வேலைக்குப் போயிட்டு வர்ற பொம்பளை."

"அதைத்தான் நானும் சொல்ல வந்தேன்," என்றார் அவர். "இன்னொண்ணு பாரு. இது டிரைவர் சீட்டுல உக்காந்து ஓட்டுற கேமு. ஆனா டிரைவர் முன்னாடி இருக்கிற மீட்டரை ஏனோதானோன்னு வரைஞ்சிருக்கு. அது மீட்டரே இல்ல, எனக்கு வருத்தம்தான். படிக்கட்டைப் பாரு. மூணு படி. ரெண்டாவது படியில தகடு பேந்திருக்கிறதுகூட இருக்கு. பிடிக்கிற கம்பியில பெயின்ட் தேஞ்ச எடம் இருக்கு. படிக்கட்டை இம்புட்டு நுணுக்கமா யாரு செய்வா? எவளுக்குப் படிக்கட்டு ஏறுறது பெரிய வேலையோ, அவதான். அந்த அம்பது செகண்டு சாமான் ஏத்துறதுக்கில்ல. ஒரு ஆளு ஏறுறதுக்கு."

ஷரபுன்னிசா வாயைத் திறந்தாள். சொல்ல எதுவும் கிடைக்காமல் மூடிக்கொண்டாள். அந்த அலுவலகத்தின் சரித்திரத்தில் அது இரண்டாவது தடவை.

"அப்ப முத்துவீரன் மேல தப்பே இல்ல. மொதலாளிக்குப் போனைப் போடவா?"

"போட்டா நம்புவாரா? படிக்கட்டுத் தகட்டைப் பார்த்துக் கண்டுபிடிச்சோம்னா சிரிப்பாரு. பஸ்ஸுல வச்சு, அந்தப் பொண்ணு வாயாலயே அவருகிட்டச் சொல்ல வைப்போம். 'இவரு எனக்காக, ஸ்டாப்பு இல்லாத எடத்துல நிறுத்துறாரு'ன்னு ஒரு வார்த்தை. முடிஞ்சுது கேஸு."

அவ்வளவு சுலபமாக முடிகிற கேஸ் எதுவும் அவரிடம் வந்ததில்லை என்பது ஷரபுன்னிசாவுக்கு ஞாபகம் வந்தது. ஆனால் மணி ஐந்தே கால் ஆகியிருந்தது.

பஸ்ஸில் குருநாதனைக் கண்டுபிடிக்கத் துப்பறிவாளர் தேவைப்படவில்லை. பங்குனி வெயில் இன்னும் இறங்காத நேரத்தில் குரங்குக் குல்லாவும் கறுப்புக் கண்ணாடியும் போட்டுக்கொண்டு அவர் ஒருவர்தான் கடைசிக்கு முன் சீட்டில் வியர்த்துக்கொண்டிருந்தார். ஏறின இரண்டு பேர் "வாங்க மொதலாளி" என்று வணக்கம்கூட வைத்தார்கள். மாயக்கண்ணன் அவர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

ஷரபுன்னிசா இடது பக்கம் பார்த்தாள். மூன்றாவது சீட்டில், ஜன்னலோரம், இருபத்திரண்டு இருபத்து மூன்று வயதுப் பெண் ஒருத்தி. மடியில் மூக்குக் கண்ணாடிக் கடைப் பை. காலோரம் ஒரு ஊன்றுகோல். கையில் இருந்த போனை ஜன்னல் கம்பிக்கு வெளியே நீட்டி, பஜ்ஜிக் கடையை ஒரு படம் எடுத்தாள்.

ஷரபுன்னிசா பக்கத்தில் போய் உட்கார்ந்து, கண்டக்டர் டிக்கெட் கிழித்துவிட்டு நகரும்வரை பொறுத்தாள்.

"பஜ்ஜிக் கடையைத்தான் ஏற்கெனவே வச்சுட்டியேம்மா?"

"கடைக்காரரு பேனரை மாத்திட்டாருக்கா. அப்டேட்..." சொல்லிக்கொண்டே வந்தவள் சட்டென்று திரும்பினாள். முகம் வெளுத்தது. "நீங்க யாரு?"

"புலியைத் தேடி வந்தவ. பயப்படாதே, கடிக்க மாட்டேன்."

"மெதுவாக்கா!" அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டாள். பெயர் சினேகா என்றாள். "வீட்டுக்குத் தெரியாது. பரீட்சைக்குப் படிக்கிறேன்னு சொல்லி வச்சிருக்கேன். ரெண்டு வருசமா லேப்டாப்பு முன்னாடியே உக்காந்திருக்கேனா, கலெக்டராயிருவேன்னு அம்மா நம்பிக்கிட்டு இருக்கு."

"எங்க வீட்டுக்காரர் உன் பஸ்ஸைத்தான் ஷார்ஜாவுல ஓட்டுறாரு. அவருக்கு ஒரு சந்தேகம். ரைஸ்மில்லுல மட்டும் ஏன் அம்பது செகண்டு? முன்னாடியே எடுத்தா 'பயணியை விட்டுச் சென்றீர்கள்'னு செவப்புல எழுத்து வருதாம். அங்க பயணியே இல்லையேன்னு கேக்குறாரு."

சினேகா சிரித்தாள். "அது நான்தான்க்கா. எனக்கு வலது காலு டயத்துக்கு வந்துரும், இடது காலு கொஞ்சம் லேட்டா வரும். ஏறி உக்கார அம்பது செகண்டு. போன்ல வச்சு எண்ணிப் பார்த்தேன்."

"மத்த ஸ்டாப்புல பத்துதானே வச்சிருக்கே?"

"அங்கல்லாம் நான் ஏறலையே!"

"சரி, உன் பொம்மையை ஏன் அங்க வைக்கலை?"

"என்னை மாதிரி ஏறுற பொம்மை அந்த கேமுல இல்லக்கா. இருக்கிறதெல்லாம் ஒரே தாவு தாவி ஏறிருது. அதை வச்சா அது நான் இல்லையே. அதான் ஆளை வைக்காம நேரத்தை மட்டும் வச்சுட்டேன்."

ஷரபுன்னிசா வந்த வேலையைப் பார்த்தாள். பின்னால் குல்லா காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தது. மாயக்கண்ணன் கண்ணாலேயே 'கேளு, கேளு' என்றார். அவள் குரலை உயர்த்தினாள்.

"ஆமா, அந்த ரைஸ்மில்லு ஸ்டாப்பு..."

"என்னக்கா?"

"அது எப்ப இருந்து ஸ்டாப்பு?"

"எப்பவுமே ஸ்டாப்புதான்க்கா," என்றாள் சினேகா. "நாங்க ரெண்டு வருசத்துக்கு முன்னாடி இங்க குடிவந்தோம். மறுநாளே வேலைக்குப் போகணும். ஸ்டாப்பு எதுன்னு தெரியல. பெரிய மரமா இருக்கே, இதாத்தான் இருக்கும்னு நின்னு கை காட்டுனேன். வண்டி நின்னுச்சு. ஸ்டாப்பு இல்லாத எடத்துல எந்த பஸ்ஸாவது நிக்குமா? போர்டு மட்டும் இல்ல, காத்துல விழுந்திருக்கும். அதான் கேமுல நானே ஒண்ணு வச்சேன்."

முன் சீட்டுப் பூக்காரி கருப்பி பலமாக இருமினாள். அவளுக்கு முன்னால் இருந்தவள் இருமினாள். வலது பக்கத்து ஆண்கள் நாலு பேர் இருமினார்கள். கண்டக்டர் வாயில் வைத்த விசிலைத் தரையில் விட்டுவிட்டுத் தேடினார். பூக்காரி திரும்பி ஷரபுன்னிசாவைப் பார்த்தாள். வாய் திறந்தால் இறக்கிவிடுவோம் என்று சொல்லும் பார்வை.

அப்போதுதான் ஷரபுன்னிசாவுக்கு விளங்கியது. முத்துவீரன் ஏன் வாயைத் திறக்கவில்லை என்பதும் சேர்த்து விளங்கியது. அது ஸ்டாப் இல்லை என்று இந்தப் பெண்ணுக்குத் தெரியாது. அவள் ஒருத்தியைத் தவிர பஸ் முழுக்கத் தெரியும். காரைக்குடியில் இரண்டு பேர் ஒரு ரகசியத்தை இரண்டு மணி நேரம் காப்பாற்றியதாகச் சரித்திரம் இல்லை. இங்கே ஐம்பது பேர் இரண்டு வருஷம் காப்பாற்றியிருக்கிறார்கள். நாளையிலிருந்து இவளை அடுத்த ஸ்டாப்புக்கு, முக்கால் கிலோமீட்டர், நடக்க வைக்கத் தேவைப்படுவது ஒரே ஒரு கேள்வி. அந்தக் கேள்வி இப்போது அவள் நாக்கு நுனியில் இருந்தது.

"நீ வச்ச போர்டு ரொம்ப நல்லா இருக்கும்மா," என்றாள் ஷரபுன்னிசா.

பஸ் முழுக்க மூச்சு விட்டது. டயரில் காற்று இறங்கிவிட்டதோ என்று முத்துவீரன் ஒரு தடவை கண்ணாடியில் பார்த்துக்கொண்டார்.

புளியமரம் வந்தது. கண்டக்டர் பெரிய ஜங்ஷனை அறிவிக்கிற தோரணையில் நிமிர்ந்தார். "ரைஸ்மில் ஸ்டாப்! ரைஸ்மில் எல்லாம் எறங்கிக்கலாம்!" இறங்க ஒருத்திதான் எழுந்தாள். வண்டி நின்றது.

பின்னாலிருந்து குல்லா எழும்பியது. "யாரைக் கேட்டு இங்க நிப்பா..."

மாயக்கண்ணன் அவர் குல்லாவை மோவாய்வரை இழுத்துவிட்டு, தோளைப் பிடித்து அமுக்கி உட்கார வைத்தார். "ஒண்ணுமில்ல, அண்ணாச்சிக்குக் குமட்டுது!"

உள்ளே குருநாதன் ஏதோ முழங்கினார். கம்பளி அதை வாங்கிக்கொண்டது. சினேகா கம்பியைப் பிடித்தாள். முதல் படி. ஊன்றுகோல். இரண்டாவது படி, தகடு பேந்த இடத்தைத் தவிர்த்து. மூன்றாவது படி. பஸ்ஸில் ஒருவரும் அவளைப் பார்க்கவில்லை. எல்லோரும் அவரவர் ஜன்னலில் அவசரமாக எதையோ பார்த்தார்கள். முத்துவீரன் ஹாரன் அடிக்கவில்லை. சரியாக ஐம்பது.

கீழே இறங்கியவள் ஜன்னல் வழியாகப் பார்த்தாள். "பாவம்க்கா, அவரை ஜன்னலோரம் உக்கார வைங்க. இந்த வெயிலுக்கு எதுக்குக் குல்லா?"

கண்டக்டர் விசில் அடித்தார். அவள் சந்துக்குள் திரும்பி மறைந்த பிறகுதான் மாயக்கண்ணன் கையை எடுத்தார். குருநாதன் குல்லாவைக் கழற்றினார். முகம் வேகவைத்த பனங்கிழங்கு மாதிரி இருந்தது. பின் ஜன்னல் வழியாகப் புளியமரத்தைப் பார்த்தார்.

"எல்லாருக்கும் தெரியுமா?"

"ஒங்களைத் தவிர எல்லாருக்கும்," என்றாள் கருப்பி.

"முத்துவீரா! வாயைத் தொறந்து சொன்னா என்னடா?"

முத்துவீரன் ரோட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "சொன்னா நீங்க செக்கரை அனுப்புவீக மொதலாளி. அவரு அந்தப் புள்ளைக்கிட்டக் கேப்பாரு. ஒனக்காகத்தான் நிப்பாட்டுறோம்னு தெரிஞ்சா, அது நாளையிலிருந்து நடந்துதான் வரும். அது குணம் அப்படி. ஸ்டாப்புன்னு நெனச்சுக்கிட்டு ஏறுது. ஏறிட்டுப் போகட்டும். சாவி வேணும்னா பள்ளத்தூர்ல வாங்கிக்கங்க."

குருநாதன் குல்லாவை மடித்து மடியில் வைத்துக்கொண்டார்.

"அண்ணாச்சி," என்றாள் ஷரபுன்னிசா. "மலேசியாவுல நிக்கிறாக, சிங்கப்பூர்ல நிக்கிறாக, எங்க வீட்டுக்காரர் ஷார்ஜாவுல நிக்கிறாரு. பதினோராயிரம் பேரு அந்த எடத்துல வண்டியை நிப்பாட்டுறாக. அது ஸ்டாப்பே இல்லன்னு சொல்ற ஒரே ஆளு, வண்டிக்குச் சொந்தக்காரரு."

பள்ளத்தூரில் எல்லோரும் இறங்கினார்கள். ஆனால் ஒருவரும் வீட்டுக்குப் போகவில்லை. முத்துவீரன் சாவியை எடுத்து நீட்டினார். குருநாதன் வாங்கினார். புரட்டிப் புரட்டிப் பார்த்தார். பிறகு அதை முத்துவீரனின் சட்டைப் பைக்குள் போட்டார்.

"காலையில எட்டுப் பத்துக்கு வண்டியை எடுக்கணும், மறந்துறாத. எனக்கு இப்ப ஒரு பெயின்டர் வேணும். போர்டு இல்லாம என்னய்யா ஸ்டாப்பு அது?"

அன்றைக்குப் பூக்காரி கருப்பி மீதி இருந்த அத்தனை பூவையும் வண்டியின் முன் கண்ணாடிக்கே சுற்றிவிட்டாள். முத்துவீரனுக்கு ரோடு தெரிய அரை மணி நேரம் ஆயிற்று என்று சொல்வார்கள்.

போர்டில் ஒரு சிக்கல் இருந்தது. புதுப் போர்டு மாட்டினால் அந்தப் பெண்ணுக்குச் சந்தேகம் வரும். அதைக் கண்டுபிடித்தவர் மாயக்கண்ணன். அந்தக் கேஸில் தமக்கு மிகவும் பிடித்த துப்பு அதுதான் என்று இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறார். பெயின்டர் புதுப் போர்டை எழுதினான். பிறகு குருநாதனே முன்னால் நின்று அதை உப்புத்தாளால் தேய்க்க வைத்தார், உப்புத்தண்ணீர் ஊற்றித் துருப்பிடிக்க வைத்தார், ஒரு மூலையைச் சுத்தியால் நசுக்க வைத்தார். இவ்வளவு செலவு செய்து ஒரு பொருளைப் பழையதாக்கிய முதலாளி அந்த வட்டாரத்திலேயே அவர் ஒருவர்தான்.

திங்கட்கிழமை காலை எட்டே கால். சினேகா கம்பியைப் பிடித்தபடி மரத்தை அண்ணாந்து பார்த்தாள்.

"காணாமப் போன போர்டு கெடச்சிருச்சா டிரைவரண்ணே?"

"கெடச்சிருச்சும்மா," என்றார் முத்துவீரன். "ஆலைக்குப் பின்னாடி கெடந்துச்சு."

"நான் வச்சதைவிடக் கோணலா இருக்கு. சாயங்காலம் போய் கேமுல இருக்கிறதையும் கோணலாக்கிரணும்," என்று அவள் முணுமுணுத்தது, போர்டைப் பார்க்கவே பள்ளத்தூரில் ஏறி மூன்றாவது சீட்டில் இடம் பிடித்து வைத்திருந்த ஷரபுன்னிசாவுக்கு மட்டும் கேட்டது.

அப்போது ஷரபுன்னிசாவின் போன் அடித்தது. ஷார்ஜா. வெள்ளிக்கிழமை லீவை விட்டுவிட்டுத் திங்கட்கிழமை லீவு எடுக்கிற ஒரே மனிதர் ஹுமாயூன்.

"ஏ ஷரபு, நான் இப்ப ரைஸ்மில்லுலதான் நிக்கிறேன். முப்பது செகண்டு ஆச்சு, ஒரு ஈ காக்கா ஏறலை. வண்டியை எடுத்துரவா?"

சினேகா இரண்டாவது படியில் இருந்தாள்.

"எடுக்காதீக," என்றாள் ஷரபுன்னிசா. "ஆளு ஏறிக்கிட்டு இருக்கு."